யதீமின் பாஸ்புக்கில் யாருடைய கை?

 

உங்கள் மஹல்லாவில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் வாப்பா வளைகுடாவில் வேலை செய்த இடத்தில் மவுத்தாகிவிட்டார். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த தொகை, இன்சூரன்ஸ் பணம், உடன் வேலை செய்தவர்கள் திரட்டி அனுப்பியது எல்லாம் சேர்ந்து ஊருக்கு வருகிறது. ஒரு பகுதி பிள்ளையின் பெயரில் மைனர் கணக்காக வங்கியில் போடப்படுகிறது. அவனுக்கு வயது ஆறு. பாஸ்புக்கில் அவன் பெயர் இருக்கிறது. பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போடுவது வேறொருவர்.

உம்மாவின் இத்தா முடிவதற்குள் வீட்டில் சண்டை தொடங்கிவிடுகிறது. சாச்சா சொல்கிறார்: "எங்க காக்கா வேர்வை சிந்திச் சம்பாதிச்ச காசு. நாளைக்கு அவ வேற நிக்காஹ் பண்ணிட்டுப் போயிட்டா யாரு பொறுப்பு?" மாமா சொல்கிறார்: "என் தங்கச்சி புள்ளைங்களுக்குச் சோறு போடுறது நாங்க. பாஸ்புக்கு எங்ககிட்டதான் இருக்கணும்." இரு தரப்புக்கும் ஆதரவாக நாலு பேர். பள்ளிவாசல் முற்றத்தில் பஞ்சாயத்து. நிர்வாகிகள் பாதித் தொகையை இங்கேயும் பாதித் தொகையை அங்கேயும் வைக்கச் சொல்லி, ஸலவாத்து ஓதிக் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள்.

அந்த ஆறு வயதுச் சிறுவனின் பங்கு எவ்வளவு என்று அந்தக் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா?

உஹதுக்குப் பிறகு ஒரு வீட்டில்

இந்தச் சண்டை நேற்று முளைத்ததல்ல. மதீனாவில், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கண் முன்னே நடந்ததுதான்.

ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களை வியாபாரிகளாகிய உங்களுக்கு நன்றாகத் தெரியும். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்த அன்ஸாரி அவர். அப்துர் ரஹ்மான் (ரலி) அதற்கு பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, சந்தைக்குப் போகும் வழியைக் காட்டினால் போதும் என்றார். நம் ஊர் வியாபாரிகள் சங்கக் கூட்டங்களில் பெருமையோடு சொல்லப்படும் வரலாறு இது.

அதன் அடுத்த பக்கத்தை நாம் சொல்வதில்லை. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் (ரலி) ஷஹீதானார். அந்நியருக்குப் பாதிச் சொத்தைக் கொடுக்க முன்வந்த அந்த வள்ளலின் இரண்டு பெண்மக்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. பிள்ளைகளின் தந்தையோடு பிறந்த சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். விதவைத் தாய் அந்த இரு சிறுமிகளையும் அழைத்துக்கொண்டு நேராக நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமைச் சட்டம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, எஞ்சியது உமக்கு என்று தீர்ப்பளித்தார்கள். திர்மிதீ, அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்! அந்தத் தாயைப் பார்த்து யாரும், "பொம்பளைக்கு எதற்குச் சொத்துக் கணக்கு?" என்று கேட்கவில்லை. "குடும்ப விஷயத்தை வெளியே கொண்டு வரலாமா?" என்றும் கேட்கவில்லை. வஹீயே இறங்கி அவருக்குப் பதில் தந்தது. இன்று அதே முறையீட்டோடு ஒரு விதவை நம் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தால் நாம் என்ன பதில் சொல்கிறோம்?

முதலில் பங்கைப் பிரியுங்கள்

மைனர் கணக்குச் சண்டைகளில் பெரும்பாலானவை, பங்கு பிரிக்காமலேயே பணத்தைத் தொடுவதால் வருகின்றன. எது பிள்ளையுடையது, எது தாயுடையது என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் "காக்கா பணம்" என்ற ஒரே குவியலாகக் கிடக்கும். குவியலில் கைவைப்பது எளிது.

முறை என்ன? மவுத்தானவரின் அடக்கச் செலவு, பிறகு அவருடைய கடன்கள், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், அதன் பிறகே வாரிசுப் பங்கு. மனைவிக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்த மஹரும் கடன்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எல்லாக் கடன்களும் தீர்ந்தபின் 36 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. மவுத்தானவருக்கு மனைவி, தாய், தந்தை, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, நாலரை லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 6 லட்சம். தந்தைக்கும் அதே 6 லட்சம். எஞ்சியது பத்தொன்பதரை லட்சம். மகனுக்கு 13 லட்சம், மகளுக்கு ஆறரை லட்சம்.

சாச்சாவின் பங்கு எங்கே? இல்லை! மவுத்தானவருக்கு மகன் இருக்கும்போது உடன்பிறந்தவருக்கு அங்கே ஒரு பைசா கிடையாது. மாமாவுக்கும் கிடையாது. சண்டை போடும் இருவருமே வாரிசுகள் அல்லர். வாரிசுகளோ சண்டையே போடவில்லை. ஒருவன் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறான், ஒருத்தி தொட்டிலில் இருக்கிறாள்.

இன்னொரு குழப்பம் நாமினி பற்றியது. "என் பெயரைத்தான் நாமினியாகப் போட்டிருந்தார், அதனால் பணம் எனக்கே" என்று வாதிடுவோர் உண்டு. ஆயுள் காப்பீட்டுத் தொகையில் சாதாரண நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்குக்கும் இதே நிலைதான் என்று 2010-இல் தீர்ப்பளித்தது. காப்பீட்டுச் சட்டத்தில் பின்னர் 2015-இல் செய்த திருத்தம் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்குத் தனி உரிமை தருகிறது. அந்தப் பட்டியலிலும் சாச்சா இல்லை, மாமா இல்லை.

கையெழுத்துப் போடுபவர் உரிமையாளர் அல்ல

1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் எந்தெந்த விஷயங்களில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத் பொருந்தும் என்று பட்டியலிடுகிறது. நிக்காஹ், தலாக், மஹர் மட்டும் அதில் இல்லை. கார்டியன் பொறுப்பும் இருக்கிறது. அந்த உரிமையை நாம் எப்படிக் கடைப்பிடிக்கிறோம்?

இந்திய நீதிமன்றங்கள் ஏற்றுள்ள முஸ்லிம் சட்டப்படி, மைனரின் சொத்துக்குப் பொறுப்பாளர் வரிசை இது: தந்தை, தந்தை வஸிய்யத்தில் நியமித்த வஸீ, தந்தையின் தந்தை, அவர் நியமித்த வஸீ. இவர்கள் யாரும் இல்லையென்றால் நீதிமன்றம் நியமிப்பவர். சாச்சா, பெரிய வாப்பா, மாமா, மூத்த சகோதரர் எவரும் இந்த வரிசையில் தாமாக வருவதில்லை. உம்மாவும் தாமாக வருவதில்லை. பிள்ளையை வளர்க்கும் உரிமை வேறு, அதன் சொத்தை விற்கும் அதிகாரம் வேறு. மைனர் பிள்ளைகளின் பங்கைத் தாய் விற்றது செல்லாது என்று 1918-ஆம் ஆண்டே இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

"அப்படியானால் வங்கியில் உம்மாவின் கையெழுத்தை ஏற்கிறார்களே?" என்று கேட்கலாம். ஏற்கிறார்கள். தாயைக் கார்டியனாகக் கொண்டு மைனர் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி 1976-லேயே அனுமதி தந்தது. அது கணக்கை இயக்கும் வசதி. பணத்தின் உரிமையாளர் பிள்ளைதான். பிள்ளைக்கு 18 வயதானதும் வங்கி புதிய கையெழுத்து மாதிரி வாங்க வேண்டும், கார்டியன் இயக்கிய கணக்கில் இருப்புத் தொகையை உறுதிப்படுத்த வேண்டும் என்பது 2025-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தலிலும் இருக்கிறது. கணக்குக் கேட்கும் நாள் இந்த உலகிலேயே ஒன்று உண்டு என்பதைக் கவனியுங்கள்!

1890-ஆம் ஆண்டின் கார்டியன் மற்றும் வார்டு சட்டப்படி, நீதிமன்றம் நியமித்த கார்டியன் அனுமதியின்றி மைனரின் வீட்டையோ நிலத்தையோ விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அந்தப் பொறுப்பைக் கொண்டு தனக்கு லாபம் சம்பாதிக்கவும் கூடாது. வாகன விபத்து நட்டஈட்டில் மைனரின் பங்கை வயது வரும்வரை வங்கி வைப்பில் போடும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதும் உறவினரின் கைக்கு எட்டாமல் இருக்கத்தான். நம்மை நம்பாமல் பூட்டுப் போடும் நிலைக்கு நாமே ஆளாகிவிட்டோம்.

வட்டி ஹராம், முதல் மட்டும் ஹலாலா?

வியாபாரச் சகோதரர்களே, இந்த இடத்தில் உங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

"பேங்கில் கிடந்தால் வட்டி சேரும், ஹராம். அதனால் பிள்ளையின் பணத்தை எடுத்து என் கடையில் போட்டிருக்கிறேன்" என்ற பேச்சை நம் கடைவீதிகளில் கேட்டிருப்பீர்கள். வட்டியை அஞ்சுவது ஈமானின் அடையாளம். மறுக்கவில்லை. ஆனால் கடையில் போட்ட பணத்துக்கு எழுத்து எங்கே? லாபத்தில் பிள்ளைக்கு எத்தனை பங்கு? சென்ற பெருநாள் வியாபாரத்தில் அந்த யதீமுக்குச் சேர்ந்தது எவ்வளவு? லாபம் வந்தபோது "என் கடை". நட்டம் வந்ததும் "உன் மகன் பணமும் போச்சு" என்றால் இது என்ன நியாயம்?

அழிவில் தள்ளும் ஏழு பெரும்பாவங்களை நபி (ஸல்) எச்சரித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதில் வட்டி உண்பதும் அநாதையின் சொத்தை உண்பதும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. முந்தையதற்கு அஞ்சி ஓடிவந்து பிந்தையதில் விழுந்தவர் எங்கே தப்பினார்? அநாதைகளின் சொத்தை அநியாயமாக விழுங்குவோர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (4:10).

அநாதையின் பணத்தை வியாபாரத்தில் போடவே கூடாது என்பதல்ல மார்க்கம். ஜகாத்தே அதைத் தின்றுவிடாமல் இருக்க அதைக் கொண்டு வியாபாரம் செய்யுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்களின் கூற்று முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. அநாதைகளின் உணவைத் தங்கள் உணவோடு சேர்க்கவும் அஞ்சி நபித்தோழர்கள் தனித்தனியே சமைத்தபோது, கலந்து வாழ அல்லாஹ் அனுமதி தந்தான். அதே வசனத்தில், குழப்பம் செய்பவன் யார், சீர்செய்பவன் யார் என்பதைத் தான் அறிவதாகவும் கூறிவிட்டான் (2:220). எனவே பிள்ளையின் பணத்தைத் தொழிலில் போடுவதானால் ஒப்பந்தம் எழுதுங்கள், பங்கை நிர்ணயியுங்கள், ஆண்டுக்கொருமுறை கணக்குக் காட்டுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். வியாபாரிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தாய் தரப்பிலும் தவறு உண்டு

குற்றத்தை எல்லாம் தந்தை வழி உறவினர் தலையில் கட்டுவது நீதியாகாது. தம்பியின் விசா செலவுக்குப் பிள்ளையின் பணத்தை எடுத்துக் கொடுத்த தாய்மார்களும் உண்டு. மூத்த மகளின் கல்யாணத்துக்கு இளைய மகனின் பங்கை உடைத்தவர்களும் உண்டு. "எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள்தானே" என்பார்கள். வயிறு ஒன்று, பங்கு வேறு. ஒரு யதீமிடமிருந்து எடுத்து மற்றொரு யதீமுக்குக் கொடுப்பதும் எடுப்பதுதான்.

அதே சமயம், பிள்ளையின் சோறு, துணி, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றுக்காகப் பிள்ளையின் சொந்தப் பணத்திலிருந்து நியாயமாகச் செலவிடும் தாயைத் திருடியைப் போல நிற்கவைத்துக் கேள்வி கேட்பதும் பெரும் அநியாயம். வசதியுள்ள பொறுப்பாளர் தவிர்ந்துகொள்ளட்டும், ஏழையானவர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளட்டும் என்று வரம்பு வகுத்த அல்லாஹ், சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படியும் கட்டளையிடுகிறான் (4:6). சாட்சி பிள்ளைக்கு மட்டும் பாதுகாப்பல்ல. நேர்மையாக நடந்த பொறுப்பாளருக்கும் அதுவே கேடயம்.

பொறுப்பைச் சுமக்கத் திராணி இல்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள். அபூதர் (ரலி) போன்ற உலகப் பற்றற்ற தோழரிடமே, நீர் பலவீனமானவர், அநாதையின் சொத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அறிவுறுத்தியதை இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். அபூதரைவிட நாம் உறுதியானவர்களா?

ஹயாத்தோடு இருக்கும் வாப்பாமார்களே!

இந்தச் சண்டைகளின் விதை பல வீடுகளில் வாப்பா உயிரோடு இருக்கும்போதே போடப்படுகிறது. வருமானவரிக்காகவோ வேறு வசதிக்காகவோ பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்குகிறீர்கள். அது பிள்ளைக்கு நீங்கள் செய்த ஹிபாவா, அல்லது பெயர் மட்டும் அவனுடையதா? உங்களுக்குத் தெரியும். நீங்கள் போனபின் யாருக்குத் தெரியும்? மற்றப் பிள்ளைகள் "அது வாப்பா சொத்து, எல்லோருக்கும் பங்கு" என்பார்கள். பெயருக்குரியவன் "எனக்கே தந்தார்" என்பான். இன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.

கொடுப்பதானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைத் தந்த பஷீர் (ரலி) அவர்களிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) கேட்டார்கள். இல்லை என்றதும் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள்.

வஸிய்யத்தையும் எழுதுங்கள். உங்கள் கடன் யார் யாரிடம், உங்களுக்கு வரவேண்டியது எவ்வளவு, பிள்ளைகளின் சொத்துக்கு வஸீ யார் என்று குறிப்பிடுங்கள். நம்பிக்கைக்குரிய மனைவியையே வஸீயாக நியமிக்கலாம். அந்த ஒரு வரி இருந்தால் அவர் நீதிமன்றப் படியேறி அலைய வேண்டிய நிலை பெரிதும் குறையும்.

மஹல்லா செய்ய வேண்டியது

ஒவ்வொரு மஹல்லாவிலும் யதீம் பதிவேடு ஒன்று வேண்டும். ஆலிம் ஒருவர், கணக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், சட்டம் படித்த இளைஞர் ஒருவர் என்று மூவர் பொறுப்பேற்கட்டும். அந்தக் குடும்பத்துக்கு உறவினராக இருப்பவர் அந்த வழக்கில் அமரக் கூடாது.

வாப்பா மவுத்தான வீட்டில் இத்தா முடிந்தவுடன் கடன், சொத்து, பங்கு மூன்றையும் எழுதி, தாய்க்கு ஒரு நகல், பொறுப்பாளருக்கு ஒரு நகல், ஜமாஅத்துக்கு ஒரு நகல் வைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு. தாயின் எட்டில் ஒரு பங்கும் மஹரும் தாயின் சொந்தக் கணக்கில். ஆண்டுதோறும் ரமளானில், ஜகாத் கணக்குப் பார்க்கும் வேளையில், இரு சாட்சிகள் முன் பாஸ்புக்கைத் திறந்து வரவு செலவைப் படிக்க வேண்டும். பிள்ளை பத்து வயதைக் கடந்தால் அவனையும் உட்காரவைத்துப் படியுங்கள். அநாதைகளைச் சோதித்து, பக்குவம் தெரிந்தபின் ஒப்படைக்கச் சொல்லும் இறைக்கட்டளை அங்கிருந்தே தொடங்குகிறது.

பொறுப்பாளர் கணக்குக் காட்ட மறுத்தால் ஜமாஅத் தயங்காமல் அந்தத் தாயோடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். "வீட்டு விஷயம் கோர்ட்டுக்குப் போனால் சமுதாயத்துக்குக் கேவலம்" என்பார்கள். யதீமின் சோற்றில் கைவைப்பதுதான் கேவலம்.

ஷாபானு தீர்ப்பு வந்த 1985-இல், "ஷரீஅத்தில் கைவைக்காதே" என்று வீதியில் இறங்கி முழங்கிய சமுதாயம் இது. வக்ஃப் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2025-இல் தெருவுக்கு வந்ததும் இதே சமுதாயம்தான். வக்ஃப் சொத்து அல்லாஹ்வின் அமானிதம் என்று வெளியே வாதாடும் நாம், வீட்டுக்குள் யதீமின் அமானிதத்தை விழுங்கினால் நம் குரலுக்கு என்ன மதிப்பு?

இளைஞர்களே! ஸூரத்துல் கஹ்ஃபை ஜும்ஆதோறும் ஓதுகிறீர்கள். மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் பசியோடு ஓர் ஊருக்குப் போனார்கள். ஊரார் ஒரு வாய் உணவும் தர மறுத்தார்கள். அந்த ஊரில் விழப்போன சுவர் ஒன்றைக் கூலி வாங்காமல் ஹிள்ர் நிமிர்த்தி வைத்தார். அதன் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்கள் வளர்ந்து தாமே எடுத்துக்கொள்ளும்வரை அது பாதுகாப்பாக இருக்கட்டும் என்பது அல்லாஹ்வின் நாட்டம்.

உங்கள் மஹல்லாவிலும் அப்படி ஒரு சுவர் சாய்ந்துகொண்டிருக்கிறது. எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் இரண்டு பேராகப் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

அநாதையின் அமானிதத்தைப் பேணும் கைகளை நமக்குத் தந்து, அதை உண்ணும் வயிறுகளிலிருந்து நம்மையும் நம் சந்ததியையும் வல்ல ரஹ்மான் காப்பாற்றுவானாக! ஆமீன்.